இவர் பேசி, யாராவது கேட்டதுண்டா?

கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகள் சம்பந்தப்பட்டது என்பதால் பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் தலைமுறை ஆசிரியர்களுக்குக் ‘கவுன்சலிங்’ என்றால் இடமாறுதல் கலந்தாய்வு. பெற்றோருக்கு என்றால் பொறியியல் கல்லூரி இடம். ‘கவுன்சிலர்’ என்றால் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று போய் நிற்கும் வார்டு மெம்பர் வீடு. இப்போது அந்தச் சொல் இன்னொரு வேலைக்கும் வந்துவிட்டது. மனம் ஒடிந்தவரோடு உட்கார்ந்து பேசி, அவரை எழுந்து நிற்க வைக்கும் வேலை. நல்லது, வரவேண்டியதுதான்.

2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த 17 வயது மாணவி இறந்துபோன வழக்கு அது. 100 பேரோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும், பயிற்சி மையங்கள் உட்பட, பயிற்சி பெற்ற ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளர் ஒருவரையாவது வைத்துக்கொள்ள வேண்டும் என்று அதில் வழிகாட்டியிருக்கிறார்கள். சிறுவர், வளரிளம் பருவத்தினர் மனநலத்தில் அவர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். அந்தப் பயிற்சி எடுத்துக்காட்டக் கூடியதாகவும் இருக்க வேண்டும்.

“எடுத்துக்காட்டக் கூடிய பயிற்சி.” எதை எடுத்துக்காட்டுவார்கள்? சான்றிதழைத்தான். அதைத் தயார் செய்யக் கடைகள் ஏற்கனவே திறந்துவிட்டன. கைபேசியைத் திறந்தால் சில வாரங்களில் ஆலோசகர் ஆகலாம் என்று விளம்பரம். பதிவு செய், காணொளி பார், சரியான விடையைத் தேர்ந்தெடு, சான்றிதழை இறக்கிக்கொள். இன்னொரு பக்கம் அஞ்சல் வழியில் உளவியல் முதுகலை. ஃப்ராய்டு என்ன சொன்னார், ஸ்கின்னர் என்ன சொன்னார் என்று பக்கம் பக்கமாக எழுதித் தேறியவர்கள். படித்ததில் குறையில்லை. நான் கேட்பது ஒரே கேள்வி: துயரத்தில் இருக்கும் ஒரு மனிதரோடு இவர் பேசுவதை, இவருடைய ஆசிரியர் ஒரு முறையாவது கேட்டிருக்கிறாரா?

எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்தவில்லை. இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெறும் மருத்துவ உளவியலாளர்கள் மருத்துவமனைகளில் மூத்தவர் மேற்பார்வையில் ஆண்டுக்கணக்கில் பயின்று வருகிறவர்கள். ஆனால் அவர்கள் எண்ணிக்கை மிகக் குறைவு. நம் பள்ளி வாசலுக்கும் பயிற்சி மைய வாசலுக்கும் வரப்போகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள் அல்லர். ‘கவுன்சலர்’ என்று பலகை மாட்டிக்கொள்ளும் எவரையும் இன்றைய நிலையில் தடுப்பார் இல்லை.

“பேசுவது என்ன பெரிய வித்தையா? பாடம் தெரிந்தால் பேச்சு தானே வரும்” என்கிறார்கள். நாற்பது வருடமாக ஆசிரியர்களைப் பற்றியும் இதையேதான் சொல்கிறார்கள். கணக்கு தெரிந்தவரெல்லாம் கணக்கு வாத்தியார் ஆகிவிட முடியாது என்பது மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

இது என் சொந்த அபிப்பிராயம் மட்டுமில்லை. கார்ல் ராஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1957இலேயே எழுதிவிட்டார்: எதிரில் இருப்பவரின் உணர்வை உள்ளபடி உணர்வது, அவரை நிபந்தனை இல்லாமல் மதிப்பது, வேஷம் போடாமல் இருப்பது. இந்த உறவு அமைந்தால்தான் மனிதர் மாறுவார் என்பது அவர் கட்சி. அவர் வாயால் சொன்னதோடு நிற்கவில்லை. தன் அறையில் நடந்த உரையாடலை அந்தக் காலத்து இசைத்தட்டுக் கருவியில் பதிவு செய்து, ஒரு முழுச் சிகிச்சையின் பேச்சை வரிக்கு வரி 1942இல் புத்தகத்திலேயே அச்சிட்டார். மூடிய கதவுக்குள் என்ன நடக்கிறது என்று மாணவர்கள் முதன்முதலாகக் காதால் கேட்கும் வழி அப்படித்தான் திறந்தது.

அதன்பின் ஆய்வுகள் குவிந்தன. 2018இல் 295 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். அவற்றில் இடம்பெற்றவர்கள் 30,000க்கும் அதிகம். சிகிச்சையாளருக்கும் வந்தவருக்கும் இடையே பிணைப்பு எவ்வளவு நன்றாக அமைகிறதோ, குணமும் அவ்வளவு நன்றாக அமைகிறது. இந்தத் தொடர்பு மிதமானதுதான். உறவே எல்லாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சிகிச்சை முறை மாறினாலும் நாடு மாறினாலும் அந்தத் தொடர்பு அறுந்துபோகவில்லை. அதுதான் கவனிக்க வேண்டியது.

இன்னும் கூர்மையான ஆய்வு ஒன்று உண்டு. திமோதி ஆண்டர்சன் என்பவரும் குழுவினரும் 2009இல் வெளியிட்டது. கோபப்படும் ஆள், வாயே திறக்காத ஆள், “உங்களால் எனக்கு ஒரு பயனும் இல்லை” என்று முகத்துக்கு நேரே சொல்லும் ஆள் என்று நடிகர்களை வைத்துக் காணொளி தயாரித்தார்கள். 25 சிகிச்சையாளர்களுக்கு அதைப் போட்டுக் காட்டி, அந்த இடத்திலேயே பதில் சொல்லச் சொல்லிப் பதிவு செய்தார்கள். பிறகு அவர்களிடம் சிகிச்சை பெற்ற 1,141 பேரின் முன்னேற்றத்தோடு அதை ஒப்பிட்டார்கள். காணொளிக்கு நன்றாகப் பதில் சொன்னவர்களிடம் வந்தவர்களே கூடுதலாகத் தேறியிருந்தார்கள். மூன்று மணி நேர எழுத்துத் தேர்வு காட்டாததைச் சில நிமிடப் பேச்சு காட்டியது. நம் ஊரில் எந்தச் சேர்க்கையில் இப்படி ஒரு தேர்வு வைக்கிறார்கள்?

உடனே ஒருவர் சொல்வார்: “அப்படியென்றால் படிப்பே வேண்டாமே டீச்சர், அன்பு இருந்தால் போதுமே!”

போதாது. ஒன்று சொல்கிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், எட்டாம் வகுப்பில் ஒரு பெண் திடீரென்று பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அந்த வாரம் ஓர் ஆலோசகர் வந்திருந்தார். எங்கிருந்து வந்தார் என்பது இங்கே வேண்டாம். அவர் கையில் படிவம். தலை குனிந்தபடி கேள்வி கேட்டார், டிக் அடித்தார். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, படிப்பில் கவனம் இருக்கிறதா. “ஆமா சார்”, “இல்ல சார்” என்று அவள் முடித்துக்கொண்டாள். கால் மணி நேரம்தான். “நார்மல்தான்” என்று எங்களிடம் சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

மதியம் சத்துணவுச் சமையல் அக்கா அவள் தட்டைப் பார்த்துவிட்டு, “ஏன் தாயி, இறங்க மாட்டேங்குதா?” என்று கேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். அப்பா குடித்துவிட்டு வந்து அம்மாவை அடிப்பது, இரவெல்லாம் தம்பியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுத் திண்ணையில் கிடப்பது என்று எல்லாம் கொட்டிவிட்டாள்.

கதை இங்கே முடிந்தால் பகிர்வதற்கு அழகாக இருக்கும். ஆனால் முடியவில்லை. சாயங்காலத்துக்குள் அது தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அக்கா கெட்டவர் இல்லை. மனசு தாங்காமல் இரண்டு பேரிடம் சொல்லி அழுதார், அந்த இரண்டு பேர் நாலு பேரிடம். அப்பா காதுக்கும் எட்டியது. அந்தப் பெண் அதன்பிறகு யாரிடமும் வாய் திறக்கவில்லை, அக்காவிடமும்.

படிவம் வைத்திருந்தவருக்கு நெருங்கத் தெரியவில்லை. நெருங்கத் தெரிந்தவருக்குக் காக்கத் தெரியவில்லை. இரண்டும் ஒருவரிடமே இருக்க வேண்டும். அதற்குத்தான் பயிற்சி. கேட்டதை வெளியே விடாமல் இருப்பது, எதை மட்டும் யாரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்று அறிந்திருப்பது, அதையும் அந்தப் பிள்ளையிடம் முதலிலேயே சொல்லிவைப்பது, தன் அழுகையைத் தன் மேற்பார்வையாளரிடம் கொண்டுபோவது. இதெல்லாம் பிறவியில் வருவதில்லை.

இந்தத் திறனைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கற்றுத்தர முடியும் என்பதுதான் என் வாதத்தின் மையம். அதற்கு வழி காட்டியது நம் துறை, ஆசிரியர் பயிற்சி.

எண்பதுகளில் பயிற்சிப் பள்ளியில் படித்தவர்களுக்கு ‘நுண்ணிலைக் கற்பித்தல்’ நினைவிருக்கும். 1963இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ட்வைட் ஆலன் தொடங்கிய முறை. முழுப் பாடம் இல்லை, ஒரே ஒரு திறன். பாடம் தொடங்கும் திறன், வினாக் கேட்கும் திறன், வலுவூட்டும் திறன் என்று ஒவ்வொன்றாக. ஐந்தாறு நிமிடம் எடுக்க வேண்டும். எதிரே சக மாணவர்கள் பிள்ளைகளாக உட்கார்ந்திருப்பார்கள். முடிந்ததும் பின்னூட்டம். திரும்பத் திட்டமிட்டு, திரும்ப எடுத்து, திரும்பக் கேட்க வேண்டும். ஒரு சுற்றுக்கு 36 நிமிடம் என்று நம் நாட்டில் கணக்கு வைத்தார்கள். “கேள்வியைக் கேட்டுட்டு நீயே பதில் சொல்லிட்டே” என்று தோழி சொல்லும்போது முகம் சிவக்கும். மறுமுறை வாயை மூடிக் காத்திருக்கக் கற்றுக்கொள்வோம்.

ஆலன் ஐவி என்ற உளவியலாளரும் குழுவினரும் 1960களின் பிற்பகுதியில் இதே முறையை எடுத்து ஆலோசகர் பயிற்சிக்கு வைத்தார்கள். முதலில் கவனித்துக் கேட்கும் திறன் மட்டும். உடல் எப்படி இருக்கிறது, பார்வை எங்கே இருக்கிறது, அவர் சொன்னதிலிருந்தே அடுத்த பேச்சு எழுகிறதா அல்லது நீயாக வேறு பக்கம் தாவுகிறாயா. பதிவு செய், போட்டுப் பார், திரும்பச் செய். கண்ணைப் பார்த்துப் பேசுவது எல்லாச் சமூகத்துக்கும் ஒன்றல்ல என்பதையும் ஐவியே பின்னாளில் வலியுறுத்தினார். ஆக, அரை நூற்றாண்டுக்கு மேலாக வழி இருக்கிறது. ஐந்தாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லித்தரப் போகிறவரை நாலு பேர் முன் நிறுத்திப் பேச வைத்துத் திருத்தினோம். சாக நினைக்கும் பிள்ளையிடம் பேசப் போகிறவரை ஒருவரும் கேட்டுப் பார்க்காமல் அனுப்புகிறோம்.

நம் ஊர்ப் பயிற்சியில் நம் ஊர்ச் சிக்கல்களும் இருக்க வேண்டும். அயல்நாட்டுப் புத்தகத்தில் இரண்டு நாற்காலி, இரண்டு பேர். இங்கே பிள்ளையோடு அம்மா, அத்தை, சில சமயம் பக்கத்து வீட்டுக்காரரும் உள்ளே வருவார்கள். “நீ சொல்லும்மா” என்றால் அம்மாதான் பதில் சொல்வார். அவர் மனம் நோகாமல் அவரை வெளியே உட்கார வைப்பது ஒரு திறன். இருபது வயதுப் பையனை ‘நீ’ என்பதா ‘நீங்க’ என்பதா, தன்னைவிட மூத்த பெண்மணியை ‘அம்மா’ என்றதும் தான் மகளாகிவிடுகிறோமே, அப்புறம் கடினமான கேள்வியை எப்படிக் கேட்பது? பெயரைக் கேட்டதும் ஊரை விசாரித்து, ஊரிலிருந்து தெருவை விசாரித்து, சாதியை மோப்பம் பிடிக்கும் வழக்கத்தை எப்படி விடுவது? எதிரில் இருப்பவர் அதை நொடியில் கண்டுகொள்வார். அதோடு கதவு சாத்தியாயிற்று.

எல்லாவற்றையும்விடப் பெரிய வியாதி நம் அறிவுரை. “கவலைப்படாதே, எல்லாம் சரியாகிவிடும்”, “உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்களைப் பார்”, “அப்பா அம்மா உனக்காகத்தானே பாடுபடுகிறார்கள்”. ஆசிரியர்களுக்கு இந்த வியாதி கூடுதல். பேசியே பிழைத்த சாதி நாம். வாயடைத்து இரண்டு நிமிடம் மௌனமாக இருக்க ஒரு மனிதனுக்குக் கற்றுத்தருவது, வாய்ப்பாடு கற்றுத்தருவதைவிடக் கஷ்டம்.

அடுத்தது, விரிசலை ஒட்டுவது. “நாலு தடவை வந்துட்டேன், ஒண்ணும் ஆகல” என்று வந்தவர் சொல்கிறார். பயிற்சி இல்லாதவர் என்ன செய்வார்? தன் முறையை விளக்குவார், அல்லது “நீங்க சொன்னதைச் செய்யலையே” என்று அவர் தலையில் போடுவார், அல்லது மன்னிப்புக் கேட்டுக் குழைவார். பயின்றவர், “இதை என்கிட்ட சொன்னது நல்லது. எந்த இடத்தில் நான் உங்களைத் தவறவிட்டேன்?” என்று கேட்பார். ஜெரமி சஃப்ரான், கிறிஸ்டஃபர் முரன் இருவரும் இந்த விரிசல், ஒட்டல் பற்றியே வாழ்நாள் ஆய்வு செய்தார்கள். உறவு விரிசல் விடுவதைத் தவிர்க்க முடியாது, விட்ட இடத்தைக் கண்டு பேசுவதே சிகிச்சையின் முக்கியப் பகுதி என்றார்கள். எதிரே ஒருவரை உட்கார வைத்து, இதைச் சொல்லச் சொல்லி, பதில் சொல்லிப் பழகினால்தான் நாக்கில் ஏறும். படித்து ஏறாது.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. முறையை மட்டும் அழுத்திக் கற்றுக்கொடுத்தால் உறவு கெட்டுப்போகவும் கூடும். அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் ஸ்ட்ரப் இரண்டு பெரிய ஆய்வுகள் நடத்தினார். 1979இல் வெளியான முதலாவதில், அனுபவம் மிக்க சிகிச்சையாளர்களிடம் சில மாணவர்களையும், பரிவுக்குப் பெயர் பெற்ற கல்லூரிப் பேராசிரியர்களிடம் சில மாணவர்களையும் அனுப்பினார். சராசரியில் இரு தரப்புக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அதன்பின் சிகிச்சையாளர்களுக்கு ஒரு கையேட்டை வைத்து ஓராண்டுப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். கையேட்டின்படி நடக்கக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் பேச்சில் ஆதரவு குறைந்து, அதிகாரமும் தற்காப்பும் கூடியதாக 1993இல் எழுதினார்கள். புதுப் பாடத்திட்டம் வந்ததும் ‘லெசன் பிளானை’ப் பார்த்தே பாடம் நடத்தி, பிள்ளை முகத்தைப் பார்க்க மறந்த நாட்கள் ஆசிரியர்களுக்குத் தெரியாதா?

“அனுபவம் வந்தால் சரியாகிவிடும்” என்பவர்களுக்கு: 170 சிகிச்சையாளர்கள், 6,591 பேர் என்று 2016இல் ஒரு நீண்டகால ஆய்வு வந்தது. ஆண்டுகள் ஏற ஏற, சராசரியில் பலன் கூடவில்லை, மிகச் சிறிதளவு குறைந்தது. யாரும் கேட்டுத் திருத்தாத அனுபவம் வெறும் வயசுதான். 2012இல் 129 மனநலப் பணியாளர்களிடம் “உங்கள் திறமை எந்த அளவு?” என்று கேட்டார்கள். ஒருவர்கூடத் தன்னைச் சராசரிக்குக் கீழே வைக்கவில்லை! பரீட்சைத் தாளை மாணவனே திருத்தினால் எல்லோரும் நூற்றுக்கு நூறுதான்.

சொல்லப்படும் மறுப்புகளுக்கு வருகிறேன்.

‘இது பிறவிக் குணம், பயிற்சியால் வராது’ என்பது ஒன்று. சிலருக்கு இயல்பாகக் கூடுதலாக இருக்கிறது, உண்மை. அதனால்தான் சேர்க்கும்போதே பார்க்கச் சொல்கிறேன். ஆனால் குரல் எழும்பாமல் நடுங்கிக்கொண்டு பயிற்சிக்கு வந்த எத்தனையோ பெண்கள் நல்லாசிரியர்கள் ஆனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

‘பதிவு செய்வது அந்தரங்க மீறல்’ என்பது இரண்டாவது. சம்மதம் கேட்டு, பெயரை மறைத்து, கேட்டபின் அழித்துவிடும் முறைகள் உண்டு. பயிற்சியின் பெரும்பகுதிக்கு உண்மையான நோயாளியே தேவையில்லை, நடிப்பவர் போதும். அறைக்குள் என்ன நடந்தது என்று ஒருவருக்கும் தெரியாமல் இருப்பது எப்போதும் வந்தவருக்குப் பாதுகாப்பில்லை. பல நேரம் அது ஆலோசகருக்கு மட்டுமே பாதுகாப்பு.

‘நம் நாட்டுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகாது’ என்பது மூன்றாவது. கோவாவைப் பாருங்கள். சங்காத் என்ற அமைப்பு, மனநலப் படிப்பு இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆரம்பச் சுகாதார நிலையங்களில் கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களோடு பேச வைத்தது. ஆறிலிருந்து எட்டு அமர்வுகள். 2017இல் லான்செட் இதழில் வந்த முடிவு: மூன்று மாதத்தில் மனச்சோர்விலிருந்து மீண்டவர்கள் 64 சதவீதம்; வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். அவர்களுக்கு ஒரு தெளிவான முறையும் கற்றுத்தரப்பட்டது. அதோடு, ஒருவர் அமர்வின் ஒலிப்பதிவை மற்றவர்கள் கூடி உட்கார்ந்து கேட்டு, மதிப்பெண் போட்டு, குறை சொன்னார்கள். எம்.ஏ. இல்லாதவர்களுக்கு இது முடிந்தது, எம்.ஏ. படித்தவர்களுக்கு ஏன் முடியாது? சென்னையில் 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ‘ஸ்நேகா’வும் தன்னார்வலர்களால் நடப்பதுதான். பயிற்சி இல்லாமல் யாரையும் அவர்கள் தொலைபேசி முன் உட்கார வைப்பதில்லை.

தீவிர மனநோய்க்கு மருந்தும் மருத்துவரும் வேண்டும். அளவுக்கு மீறிய பயத்துக்கும் ஓயாத எண்ணச் சுழற்சிக்கும் குறிப்பிட்ட சிகிச்சை நுட்பங்கள் வேண்டும். அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் எந்த நுட்பமும் ஒரு மனிதர் இன்னொரு மனிதரை நம்பும் வழியாகத்தான் உள்ளே போகும்.

ஆகவே, பாடத்திட்டம் எழுதும் இடத்தில் இருப்பவர்களுக்கு என் கோரிக்கை:

1. சேர்க்கையில் மதிப்பெண்ணோடு ஒரு பேச்சுத் தேர்வும் வையுங்கள். கடினமான ஆளாக ஒருவர் நடிக்கட்டும், விண்ணப்பித்தவர் பத்து நிமிடம் பேசட்டும்.

2. ஒவ்வொரு திறனையும் தனித்தனியாகப் பதிவு செய்து, பார்த்து, திரும்பச் செய்யும் பயிற்சி இல்லாத எந்தப் படிப்புக்கும் ‘ஆலோசகர்’ பட்டம் தராதீர்கள். இணையவழியில் கோட்பாடு கற்கலாம். நீச்சலை இணையவழியில் கற்றவரை கிணற்றில் இறக்கமாட்டோம்.

3. உண்மையான அமர்வுகளை மேற்பார்வையாளர் சம்மதத்தோடு கேட்க வேண்டும். மாணவர் எழுதித் தரும் அறிக்கையை மட்டும் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடக் கூடாது.

4. ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் வந்தவரைக் கேட்கச் சொல்லிக்கொடுங்கள்: இன்று உங்களைப் புரிந்துகொண்டேனா? நான்கே கேள்வி கொண்ட படிவங்கள் உலகில் புழக்கத்தில் இருக்கின்றன. ஒரு நிமிட வேலை.

5. பட்டம் வாங்கிய பிறகும் இது தொடர வேண்டும். பணியிடைப் பயிற்சி என்று டீ, பிஸ்கட், பவர்பாயின்ட்டோடு முடிக்காதீர்கள். எங்களுக்கு நடத்தியது போதும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோர்களே, தலைமையாசிரியர்களாக இருக்கும் என் பழைய மாணவர்களே, உங்கள் பள்ளிக்கும் ஓர் ஆலோசகர் வருவார். சான்றிதழைப் பார்த்த பிறகு மூன்று கேள்வி கேளுங்கள். நீங்கள் பேசுவதைக் கேட்டுத் திருத்தியவர் யார்? இப்போது உங்களுக்கு மேற்பார்வையாளர் இருக்கிறாரா? ஒரு பிள்ளை சொன்னதை யாரிடம் சொல்வீர்கள், யாரிடம் சொல்லமாட்டீர்கள்? பதில் தடுமாறினால், அவருக்கு முதலில் பயிற்சி கொடுங்கள், பிறகு பிள்ளைகளிடம் அனுப்புங்கள். ஒரு பிள்ளை பெரும்பாலும் ஒரே ஒரு தடவைதான் கதவைத் திறக்கும்.

இப்போதே யாருக்காவது பேச வேண்டும் போலிருந்தால், அரசின் டெலி-மனஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை.

இந்தத் துறையில் இருப்பவர்கள் கோபப்படாமல் பின்னூட்டத்தில் எழுதுங்கள். உங்கள் பயிற்சியில் எத்தனை மணி நேரம் உங்கள் பேச்சை ஒருவர் கேட்டுத் திருத்தினார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த எண் எனக்கு முக்கியம்.